பகல் வண்டி

“நாலே நாள்ல பாலைவனம், பனிமலை, கடல் மூணையும் பார்த்துடலாம் சார். ராத்திரி வண்டியில தூங்கிட்டே போனா நேரம் மிச்சம்,” என்றாள் டிராவல்ஸ் ஆபீஸ் பெண்.

“பகல் வண்டியே போடும்மா,” என்றார் பெரியவர்.

“ஆறு நாள் ஆகும் சார்.”

“ஆகட்டும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வழியிலுள்ள ஸ்டேஷன்களைக் கம்ப்யூட்டரில் தேடுவதற்குள் அவரே வரிசையாக ஒப்பித்தார். எந்த ஊரில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதுகூட அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

“இந்த வழியில போயிருக்கீங்களா சார்?”

“முப்பது வருஷம், மாசத்துக்கு ரெண்டு தடவை.”

அவளுக்குச் சுர்ரென்றது. “எல்லாம் பார்த்த இடம்தானே. தூங்கிட்டே போனா என்ன?”

பக்கத்திலிருந்த மனைவி சிரித்தாள். “எங்கே பார்த்தாரு? ரயில்ல தபால் பிரிக்கிற வேலை. அந்தப் பெட்டியில ஜன்னலே கிடையாது. அடுத்த ஊர் வர்றதுக்குள்ள அந்த ஊர்க் கடிதாசை எல்லாம் கட்டி வைக்கணும்.”

பெரியவர் அசடு வழிந்தார். “காது அடைச்சா மலை. மூட்டை மேல மணல் படிஞ்சா பாலைவனம். அவ்வளவுதாம்மா தெரியும்.”

டிராவல்ஸ் பெண் ராத்திரி வண்டிகளை அழித்தாள். “ரெண்டு பேருக்கும் ஜன்னல் சீட்டே போடறேம்மா.”

“ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போடு. அவர் மாறி மாறிப் பார்க்கட்டும்,” என்றாள் மனைவி. “காலியா இருக்கிறதுல நான் உட்கார்ந்துக்கறேன்.”