மலையைத் தூக்கி வந்த தண்ணீர்

நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணையெல்லாம் மலைபோலக் குவித்திருந்தார்கள். ஒரு மத்தியானம் கொட்டிய மழையில் அந்த மண்மலையின் சரிவிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று பாய்ந்து வந்தது. கலங்கிய நீரைத் தெளியவைப்பதற்காக அடிவாரத்தில் வெட்டியிருந்த குட்டைக்குள் தொபுக்கென்று விழுந்தது.

“வழி விடு! ஒரு மலையையே தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். ஏரிக்குப் போகணும்” என்று கத்தியது தண்ணீர்.

“ஏரியில மீன் குஞ்சு பொரிச்சிருக்கு. நீ இந்தச் சேத்தோட போனா அதுங்களுக்கு மூச்சு முட்டிரும். உக்காரு, சுமையை இறக்கி வை” என்றது குட்டை.

“முடியாது!”

தண்ணீர் கரையை முட்டியது. கல் அடுக்கி வெட்டிவேர் நட்ட கரை அசையவில்லை. சுற்றிச் சுற்றி வந்து களைத்து, கடைசியில் உட்கார்ந்தது.

முதல் நாள் மணல் இறங்கியது. அடுத்த நாள் வண்டல். மூன்றாம் நாள் காலையில், தெளிந்திருந்த தண்ணீர் தனக்குள்ளே பார்த்து விக்கித்துப் போனது.

அங்கே மலை நின்றது. அடிமுதல் உச்சிவரை, வரிவரியான புல்லோடு, மேகத்தைத் தொட்டுக்கொண்டு, முழுசாக.

“இதையா நான் தூக்கிட்டு வந்தேன்?” என்று முணுமுணுத்தது தண்ணீர்.

குட்டை மதகைத் திறந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போறேனே” என்று கெஞ்சியது தண்ணீர்.

மலைமேல் இடி உருண்டது.

“இடத்தைக் காலி பண்ணு தம்பி” என்றது குட்டை. “இன்னொருத்தன் மலையைத் தூக்கிக்கிட்டு வர்றான்.”