வகுப்பில் இருக்கிறாள்

கரும்பலகைக்கு மேலே இருந்த கேமராவைப் போட்டபோது எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை.

பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகள் பெஞ்சில் டீச்சர்கள்தான் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டு வாத்தியார் பாவம், நெட்டைக் காலிரண்டையும் நடக்கிற வழியில் நீட்டிவிட்டார்.

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பத்திரிகையில் வரும் செய்திகளை வகுப்பில் எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க நிருபர் வந்திருந்தாள். நடத்தப் போவது அவளே எழுதிய செய்தி. ஊரெல்லாம் பேசிய செய்தி. கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்.

செய்தியே இந்தப் பள்ளியைப் பற்றியதுதான்.

முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரம். மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபோன ஒரு மாணவியை அது தினமும் வந்ததாகவே பதிந்துகொண்டிருந்தது. பின்சுவரில் அவள் நினைவாக மாட்டியிருந்த படத்தைப் பார்த்து இயந்திரம் ஏமாறுகிறது என்று நிருபர் எழுதியிருந்தாள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பிள்ளை வந்ததும் வீட்டுக்குப் போகிற மெசேஜ், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் காலைதோறும் போனது.

'உங்கள் மகள் வகுப்பில் இருக்கிறாள்.'

அந்தக் கொடுமையை நிறுத்தத்தான் நிருபர் எழுதினாள். இயந்திரம் விற்றவர்கள், ஆண்டு முடியாமல் பெயரை எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, படத்தையாவது கழற்றலாம் அல்லவா? பள்ளியில் எல்லாரும் ஆகட்டும் ஆகட்டும் என்றார்கள். படம் சுவரிலேயே இருந்தது, தூசு தும்பு இல்லாமல்.

"சயின்ஸ் டீச்சர் தினமும் காலையில போய்த் துடைப்பாங்க," என்றார் விளையாட்டு வாத்தியார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையை இடித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

இன்றைக்குப் பாடத்தோடு பாடமாக அந்தப் படத்தைக் கழற்றிவிட்டுத்தான் போவது என்று நிருபர் வந்திருந்தாள்.

ஆரம்பத்திலேயே அவர்களுக்கு ஒன்று சொல்லியிருந்தாள். எந்தச் செய்தியைப் படித்தாலும், இதில் யாரைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

மாதிரிப் பாடம் நடத்த அறிவியல் டீச்சர் தானாகவே எழுந்து வந்தார். கூச்சல் சட்டென்று அடங்கியது. நல்ல டீச்சர் போலிருக்கிறது என்று நிருபர் நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் செய்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'மாணவியின் தாய் பேச விரும்பவில்லை' என்ற கடைசி வரி வந்ததும் குரல் நின்றது. அந்த வரியை அவர் மனதுக்குள் இன்னொரு முறை படிப்பது தெரிந்தது.

நிருபர் அந்தத் தாயைத் தேடிப் போகவில்லை. அவங்களை விட்டுடுங்க என்று தலைமையாசிரியர் போனில் சொன்னார். விட்டுவிட்டாள்.

"படத்தை எடுத்துட்டா மெசேஜ் வராதில்ல, மேடம்?" என்று கேட்டார் டீச்சர்.

"வராது டீச்சர். அந்தம்மா இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்."

விளையாட்டு வாத்தியார் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நிருபர் வருகை பதியும் பொத்தானை அமுக்கினாள். பக்கத்துத் திரையில் வகுப்பின் பெயர்கள் வரிசையாக ஓடின. வராத பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பெயர் பச்சை.

எதிர்பார்த்ததுதான். எங்கோ ஒரு போன் அதிர்ந்து அடங்கியது.

டீச்சர் பின்சுவருக்கு நடந்தார். படத்தை உள்ளங்கையால் ஒருதடவை துடைத்துக் கழற்றினார். முகம் உள்பக்கம் இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் ஆணியும் வெளிறிய கட்டமும்தான் மிச்சம்.

நிருபர் மறுபடி அமுக்கினாள்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

நடுவில் அதே பெயர், பச்சை.

அவளுக்கு முதலில் தோன்றியது, ஐயோ, நாம் எழுதியது தப்பா என்பதுதான். உள்ளதைச் சொன்னால், அந்தப் பிள்ளையின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

மேசைமேல் இருந்த ஒரு கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது.

யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் வந்தார். படத்தை நிருபர் கையில் கொடுத்துவிட்டு, கைப்பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. அந்த ஒற்றை வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நிருபர் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாள். அதே அகன்ற நெற்றி, ஒரு பக்கம் ஏறிய அதே புருவம். அம்மாவை உரித்து வைத்தாற்போல் என்பார்களே, அப்படி. பத்திரிகைக்காக இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவள். இயந்திரத்துக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

படத்தை டீச்சரிடம் நீட்டினாள்.

டீச்சர் அதை வாங்கவில்லை. பின்சுவருக்குப் போய், ஆணிக்குக் கீழே நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். முகத்தில் இப்போது ஒரு வெளிச்சம் இருந்தது.

"இன்னொரு தடவை அமுக்குங்க, மேடம்."