வேலி தாண்டிய கட்டை

"ஏ அனிதா! வெளிய வாடி! என் வூட்டு வாசல் இன்னா உங்களுக்குக் குப்பைமேடா?"

விடிந்தால் போதும், பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் குரல் வேலியைத் தாண்டி வந்துவிடும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள் அவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியை வாயில் கடித்தபடி இருப்பாள். கோட்டைக்குப்பத்துக்கு அந்த நேரம் மட்டும்தான் நிம்மதி. நாலு மாதமாக ஏரியில் இறாலும் இல்லை, ஊரில் நிம்மதியும் இல்லை.

"மரச் சீவல்தானேக்கா, காத்துல பறந்து வருது" என்றாள் அனிதா.

"சீவலா? இத பாரு!" காசியம்மாள் முழ நீளக் கட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "மண்டையில விழுந்திருந்தா இந்நேரம் நான் பூட்டிருப்பேன்!"

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அனிதாவுக்கு மானம் போயிற்று. விடுவிடுவென்று வீட்டையொட்டிய மரப் பட்டறைக்குப் போனாள். கணவன் உதயகுமார் காதில் பென்சிலோடு ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தான். இழைப்பு மெஷினின் வாய் காசியம்மாள் வீட்டைப் பார்த்தபடி இருந்தது.

"இன்னிக்கே இத்த அந்தப் பக்கம் திருப்பு."

"அங்க வெளிச்சம் பத்தாது."

"லைட்டு போடு."

"வயர் எட்டாது."

"நான் வாங்கியாறேன்."

"தரை சமமா இல்ல அனிதா..."

"யோவ், ஊரே சிரிக்குது. மெஷின் திரும்புதா, நான் எங்க நைனா வூட்டுக்குப் போவட்டா?"

மெஷின் திரும்பியது.

அனுப்பம்பட்டிலிருந்து அனிதாவின் தம்பி முத்துராஜ் வந்து கைகொடுத்தான். இழைப்பு மெஷின் போக வேண்டிய இடத்தில் அறுப்பு மெஷின் இருந்ததால் அது நடுவாசலுக்கு வந்தது. அது வந்ததால் டிரில் மெஷின் நகர்ந்து நகர்ந்து சமையலறை வழியில் பாதியை அடைத்துக்கொண்டது. நீளப் பலகையை அறுக்கத் தள்ளினால், அதன் மறுமுனை அடுப்படிக்குள் புகுந்து குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முத்துராஜ் ரயிலேறினான். அனிதா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அனிதா ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டாவது டீ போட்டுக் குடித்தாள்.

மூன்றாம் நாளும் சத்தமில்லை. இது என்னடா என்று வேலியோரம் எட்டிப் பார்த்தாள். காசியம்மாளின் மண் அடுப்பு சில்லென்று கிடந்தது. காலி கேஸ் சிலிண்டர் மேல் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. காசியம்மாள் கடை பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அனிதாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாக்கு நிறையச் சீவலும் கட்டையும் அள்ளிக்கொண்டு போனாள்.

"அடுப்புக்கு ஆவும்க்கா."

"தூக்கினு போடி! நான் உன்கிட்ட கேட்டனா? இந்தக் கை இதுவரிக்கும் யார்கிட்டயும் நீண்டது கெடயாது!"

சாக்கோடு திரும்பியவள் பட்டறை வாசலில் அப்படியே நின்றாள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யோவ், இழைப்பு மெஷின் சீவலைத்தானே துப்பும்?"

"ஆமா."

"அப்ப முழ நீளக் கட்டை எப்படி வேலி தாண்டிச்சு?"

உதயகுமார் காதில் இருந்த பென்சிலைத் தரையில் தேடினான். "காத்து பலமா அடிச்சா..."

"வேங்கைக் கட்டை பறக்குமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அந்த அக்கா குடுத்தா வாங்காது. விழுந்து கெடந்தா திட்டிக்கினே பொறுக்கிக்கும். அதான், பறக்கற சீவலோட சீவலா தெனம் ரெண்டு கட்டை..."

"இத என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"உன் வாயில நிக்குமா?"

முத்துராஜுக்கு மறுபடி போன் போனது. சாயங்காலத்துக்குள் எல்லா மெஷினும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. அன்று கட்டையை அனிதாவே கை நிறைய அள்ளி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வீசினாள்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் குரல் கேட்டது. அனிதாவுக்கு உயிரே வந்தது. வேலிக்கு ஓடினாள். அடுப்பு மூண்டிருந்தது. புகைக்கு நடுவே காசியம்மாள் கண்ணைக் கசக்கியபடி நின்றாள்.

"ஏ அனிதா! குப்பை போடறதுதான் போடறீங்க, காஞ்ச கட்டையா பாத்துப் போடக் கூடாதாடி?"