ஒரு டாலர் பாக்கி

“வாழ்த்துகள்! இந்தத் தவணையோட வீடு முழுசா உங்களோடதுதான்,” என்றாள் ஆஸ்திரேலியாவின் பாலரட் நகர வங்கிக் கிளையில் இருந்த பிரியோனி.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒரு டாலரை மட்டும் பாக்கி வச்சுட்டு மிச்சத்தைக் கட்டிடறேனே.”

பிரியோனி ஆச்சரியப்படவில்லை. “நிறையப் பேர் அப்படித்தான் செய்றாங்க. பத்திரம் பேங்க்லயே பத்திரமா இருக்கும்.”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி லோர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பத்தொன்பது வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கடனை அடைச்சிருக்கேன். வெளியில ஒரு காபி குடிச்சதில்ல. கடைசி நாள்ல ஒரு டாலருக்கா கஞ்சத்தனம்? கட்டித் தொலை, டெஸ்!”

“வேணாம், லோர்னா.”

“ஏன்?”

அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஏழு மாசத் தவணைப் பணத்தை நான் சூதாட்ட மெஷின்ல தொலைச்ச அன்னிக்கு நீ என்ன சொன்ன? ‘கடன் முடியற வரைக்கும்தான் உன்கூட இருப்பேன். முடிஞ்ச அன்னிக்கே போயிடுவேன்’னு சொன்னல்ல?”

பிரியோனி கணினித் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

லோர்னா அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள். “அந்த ஒரு டாலரை எத்தனை நாளைக்கு இப்படியே வச்சிருக்கலாம்?”

“லோன் காலம் முடியற வரைக்கும். இன்னும் ஆறு வருஷம் இருக்கு.”

“சரி, இருக்கட்டும்.” லோர்னா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். “டெஸ், கார் டிக்கில என் பெட்டி இருக்கு. காலையிலேயே கட்டி வச்சேன். வீட்டுக்குப் போனதும் நீயே தூக்கி உள்ள வை.”