செம்புக் கலயம்

உலோகம் ஒன்றுதான் மனிதனை மரணத்துக்குப் பிறகும் தாங்கும் என்றான் குலசேகரன், அப்பாவின் அஸ்திக் கலயத்தை வாசல் பந்தலில் வைத்துவிட்டு. பரம்பரைச் செம்பாம், களிம்புகூடப் பச்சையாகப் பூத்திருந்தது. உண்மையில் அது பெங்களூரில் வாங்கிய மண் ஜாடி. செம்பின் நிறத்தையும் களிம்பையும் மேலே பூசிச் சூளையில் சுட்டிருந்தார்கள்.

அப்பா நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். துக்கத்துக்கு வந்தவர்களும் பாத்திர வியாபாரிகள்தான். தாணு மாமா கும்பிட்டார். பிறகு கைப்பழக்கத்தில் விரல் முட்டியால் கலயத்தை ஒரு தட்டுத் தட்டினார். ‘டொக்’ என்றது.

“என்ன மாப்ளே, செம்பு பேச மாட்டேங்கு?”

“உள்ள அப்பா இருக்காங்கல்லா மாமா, அதான்.”

“சரிதான். கடையிலயும் அண்ணாச்சி அதிகம் பேச மாட்டாரு.”

அடுத்து வந்தவர்களும் வரிசையாகத் தட்டிப் பார்த்தார்கள், மோர் குடித்தார்கள், போனார்கள். அம்மா பந்தல்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் புரோகிதர் கலயத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“செம்பையெல்லாம் ஆத்துல விடக்கூடாது. மண்கலயம் கொண்டாங்க.”

தாணு மாமா ஆற்றைப் பார்த்தார். மற்றவர்கள் குலசேகரனைப் பார்த்தார்கள்.

குலசேகரன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மண்கலயம் வாங்கி வந்தான்.