மைசூருக்கு இரண்டே டிக்கெட்

"கல்யாண மண்டபத்துக் கூரையில என்ன இருக்கு? பாக்காம சொல்லு, ஜானு!"

"மயில். அத்தனையும் கலர் கண்ணாடி."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரண்மனையில எத்தனை பல்பு எரியும்?"

"லட்சம்."

"கிட்டத்தட்ட லட்சம்னு சொல்லு. எண்ணிட்டு வந்தவ மாதிரி சொன்னா யாரு நம்புவா?"

ஸ்ரீரங்கன் கையில் மைசூர் அரண்மனையைப் பற்றி அவரே எழுதிய நாலு பக்கக் குறிப்பு இருந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பதில் சொன்ன அவர் மனைவி ஜானு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நடுநடுவே கண்ணை மூடி யோசித்தாள். காபி கொண்டுவந்த மருமகள் ஸ்நேஹாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நேர்லயே பாக்கப்போறேள். இதுக்கு எதுக்குப்பா மனப்பாடம்?"

"போய்ட்டு வந்தா நாலு பேர் கேப்பாம்மா. திருதிருன்னு முழிக்கப்படாது."

மாமனார் எப்போதும் அப்படித்தான். கபாலி கோயில் குளத்தில் தெப்பம் பார்க்கப் போனாலே தண்ணீர் பாட்டில், விசிறி, டார்ச் என்று மூட்டை கட்டுகிறவர். மைசூர் என்றால் கேட்கவா வேண்டும்?

ஸ்நேஹா அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கல்யாணத்துக்குக் கணவன் அச்யுத்துக்குக் கிடைத்தது நாலே நாள் லீவு. அதில் நலங்கும் விருந்தும் போக மிச்சம் ஒன்றுமில்லை. இப்போது மைசூர் என்றால் கரும்பு தின்னக் கூலியா? தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு முட்டி வலி வேற. நானும் அவரும் லீவு போட்டுண்டு துணைக்கு வரோமே?"

"வேண்டாம்!"

ஜானு சொன்ன வேகத்தில் கையிலிருந்த பீன்ஸ் தெறித்து விழுந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்குடிம்மா அலைச்சல்? நாங்க மட்டும் போய்ட்டு வரோம்."

"டிக்கெட்டையாவது காட்டுங்கோப்பா. கீழ் பெர்த்தான்னு பாத்துடறேன்."

"கீழ் பெர்த்துதான், கீழ் பெர்த்துதான்" என்றபடி ஸ்ரீரங்கன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஸ்நேஹாவுக்குச் சுருக்கென்றது. வந்த நாளிலிருந்து அம்மா, அப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். அவர்களும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு அவள் இன்னும் வீட்டு மனுஷி ஆகவில்லை போலிருக்கிறது. அரண்மனை கிடக்கட்டும். 'நீயும் வாயேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

அச்யுத்திடம் சொன்னாள். "அசடே, வயசான காலத்துல அவாளுக்கும் தனியா போகணும்னு ஆசை இருக்காதா?" என்று சிரித்துவிட்டு லேப்டாப்புக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பைகளும் வாசலுக்கு வந்தன. தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் காதர், இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டுகிறவர், பைகளை ஏற்றினார்.

"தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. மிளகாப்பொடி புதுசா அரைச்சிருக்கேன். சமைச்சுண்டு நிக்காதே" என்று ஜானு ஸ்நேஹாவின் கன்னத்தைத் தடவினாள். "நல்லா இருடிம்மா."

போகும்போது மட்டும் இந்தக் கொஞ்சலுக்குக் குறைச்சலில்லை என்று நினைத்துக்கொண்டே ஸ்நேஹா கையசைத்தாள். மேலே வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் கண்ணில் சாப்பாட்டு மேஜை பட்டது. மாமனாரின் சர்க்கரை மாத்திரை டப்பா அங்கேயே இருந்தது.

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். நல்லவேளை, காதர் அப்போதுதான் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"காதர் பாய், சென்ட்ரலுக்கு விடுங்க, சீக்கிரம்! அப்பா மாத்திரையை மறந்துட்டுப் போய்ட்டார். ரயில் கிளம்பறதுக்குள்ள குடுத்தாகணும்!"

காதர் வண்டியைக் கிளப்பவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சென்ட்ரலுக்கு இன்னாத்துக்கும்மா? குடு, நானே குட்த்துட்டு வரேன். பத்து நிமிசம்."

"பத்து நிமிஷத்துல சென்ட்ரலா? விளையாடாதீங்க பாய். நாலு நாள் மாத்திரை இல்லாம இருந்தா அவருக்கு என்ன ஆறது?"

"சொல்லக்கூடாதுன்னு மாமி சத்தியம் வாங்கிச்சு. ஆனா மாத்திரை சமாச்சாரமாச்சே..." காதர் அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மந்தவெளில மாமாவோட தங்கச்சி பங்கஜம்மா கீதுல்ல, அவங்க வூட்லதான் எறக்கி வுட்டேன். நாலு நாளும் அங்கதான்."

ஸ்நேஹா திகைத்துப்போனாள். "அப்போ மைசூர்? அரண்மனை?"

"மைசூராவது ஒண்ணாவது! 'வூட்ல இருக்கறதே ஒரு ரூமு, அதுக்குள்ளாறதான் பாத்ரூமு. இந்த மனுசன் ராத்திரில நாலு வாட்டி எழுந்து கதவத் தட்டிக்கினு இருந்தா, கல்யாணமான புள்ளைங்க எப்படித்தான் மனசுவுட்டு நாலு வார்த்த பேசிக்கும் பாய்?'னு வழியெல்லாம் மாமி அழுதுக்கினே வந்துச்சும்மா."