கோட்டைக்குப் போகிற வேன்

முதலில் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார்கள். அடுத்து, பெருவிரலில் மை தடவி ரேகை எடுப்பார்கள். அந்த நிமிடத்தோடு ஆளின் பெயர் போய்விடும். எண் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றுதான் மிஞ்சும். பிறகு கப்பல்.

கண்டி டைப்பிங் கடையில் சிந்துஜா தட்டிக்கொண்டிருந்தாள். ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு வெள்ளைக்காரர்கள் சீனர்களைத் திரட்டிய விதம்பற்றி, கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுதிய ஆய்வு அது. நூற்றிருபது வருடப் பழைய சங்கதிதான். ஆனாலும் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் அடித்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து மாமியார் பேச்சியம்மா.

“அடியே, நிரஞ்சனுக்கு வேலை கெடச்சிருச்சு! கல்லு வேலையாம். குட்ஷெட்ல வேன் நிக்குதாம்.”

“எங்க போறாராம் அத்தை?”

“சீனன் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னான். அதுக்குள்ள அவன் போன் செத்துருச்சு.”

“சீனனா?”

“அப்படித்தான் காதுல விழுந்துச்சு.”

சிந்துஜா கணக்குப் போட்டாள். கல்லு வேலை என்றால் சுரங்கம். கோட்டை என்றால் கொழும்புக் கோட்டை. ஸ்டேஷனைத் தாண்டினால் துறைமுகம். அன்று சீனனை வெள்ளைக்காரன் ஏற்றினான். இன்று நம் ஆளைச் சீனன் ஏற்றுகிறான்.

செருப்பை மாட்டாமலே ஓடினாள்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வெள்ளை வேன். இரண்டு தடியர்களுக்கு நடுவில் அவள் கணவன் நிரஞ்சன். மடியில் ஒரேயொரு சட்டை மடித்த பை. முன் சீட்டில் தொப்பி போட்டவர், அவனுடைய அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். கதவு மூட நகர்ந்தது. சிந்துஜா இடையில் கையைக் கொடுத்தாள்.

“எறங்குங்க! ரேகை வச்சிட்டீங்களா? வெரலக் காட்டுங்க!”

“என்னடி ரேகை? இவரு மடவளை ஊரு அஸ்ஃபர் நானா. நாளைக்கே வந்துருவேன்டி.”

“அப்படித்தான் சொல்லி ஏத்துவாங்க! கப்பல்ல ஏறிட்டா மூணு வருசத்துக்கு வெளிய விட மாட்டாங்க!”

தடியர்களில் ஒருவர் பயந்துபோய் இறங்கப் பார்த்தார். “நானா, கப்பலா? எனக்குச் சொல்லல்லயே!”

அவள் வேனுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். “எங்க அந்தச் சீனன்? ஒளிச்சு வச்சிருக்கீங்களா?”

அஸ்ஃபர் பேனாவை மூடினார்.

“தங்கச்சி, சீனன்கோட்டை எண்டது பேருவளையில நாங்க மாணிக்கக் கல்லு விக்கிற ஊரு!”